கணினியும் நம் பிள்ளைகளும்
(திருவிழாவின்போது ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் உங்கள்முன் கணினியைப் பற்றிப் பேச முற்படுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1998-ஆம் ஆண்டு இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது முதல் சிங்கப்பூரின் துவாஸ் நம் கெலாங் பாத்தாவுக்கு அண்டை வீடாயிற்று. இன்று அருகிலுள்ள நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்காவில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. பிற நாட்டாரின் தகவல்களெல்லாம் நம் வாசலில் வந்து சேமிக்கப்படுகின்றன. நம் வீடுகளிலோ பிள்ளைக்கென ஒரு கணினி இருப்பது அரிது.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தந்தை வேலை முடிந்து கைப்பேசியுடன் திரும்பும்வரை பாடத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகளைக் கண்டோம். அவ்வாண்டு சபாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தேர்வெழுத இணைய அலையைத் தேடி மரத்தின்மேல் ஏறியதை நாடே பேசிற்று. அங்கே குறை அலைவரிசை. இங்கே அலைவரிசை உண்டு. கருவியும் பயிற்சியுமே குறை.

கைப்பேசியில் படம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணினி தெரியும் என்று பெற்றோர் நம்பிவிடுகிறோம். ஐந்தாம் படிவம் முடித்தபின் மெட்ரிகுலேசன், அரசாங்கப் பல்கலைக்கழகம், உதவித்தொகை ஆகிய அனைத்திற்கும் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழை உரிய வடிவில் பதிவேற்றத் தெரியாமல் இறுதி நாளன்று இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டிய தாயும் மகனும் உண்டு. அன்று முடித்துக் கொடுத்தோம். தட்டாமலே இருந்துவிட்டவர் எத்தனை பேரோ!

இஃது ஆங்கிலம் கற்றோர் விவகாரம் எனச் சில பெரியவர்கள் ஒதுங்குகின்றனர். கணினியில் தமிழைத் தட்டெழுத ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியத் தமிழரே. 2001-இல் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில் நடந்தேறியது.

அரசாங்கத்தின் ‘நாடி’ மையங்களில் பயிற்சி தருகிறார்கள். போக வசதியுள்ளோர் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போக இயலாதோருக்காக நிர்வாகக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை பூசைக்குத் தாய்மார்கள் எப்படியும் பிள்ளைகளுடன் வருகிறார்கள். பூசை முடிந்தபின் இம்மண்டபத்தின் பின்னறையை இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள். பயன்படுத்திய கணினிகள் மூன்று போதும். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளே கற்றுக்கொடுப்பார்கள். திருவிழாச் செலவைக் குறைக்கச் சொல்லவில்லை. மின்கட்டணம் சற்றே கூடும், அவ்வளவுதான்.

முதற் கணினியை அடுத்த வெள்ளியன்று நானே கொண்டுவந்து வைக்கிறேன்.