தண்ணீர் கிழக்கே போகிறது, சாலை தெற்கே போகிறது

(புறவழிச் சாலை குறித்துக் கடலோர ஊர் ஒன்றில், எல்லாச் சமுதாய மக்களும் கலந்துகொண்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

  

சாலை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் உயிருக்குப் போராடும் நோயாளியை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மருக்கு ஓடும் ஆம்புலன்ஸில் உட்கார்ந்து போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கடைத்தெருவில் இரண்டு பஸ் எதிரெதிரே நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டே நிற்கும். உள்ளே இருப்பவர் நம் தாயாக இருந்தால் அந்தப் பத்து நிமிடம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். எனவே, அகலமான சாலை ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால், சாலை வருவது வேறு. சாலை எந்த வழியாக வருகிறது, எப்படி வருகிறது என்பது வேறு. முதல் கேள்விக்கு "வரட்டும்" என்று பதில் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் இருந்துவிட்டால், நாளை நம் பிள்ளைகள் நம்மைக் கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

சட்டம் எதை அளக்கிறது?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை போகும் சாலையை நாம் நீண்ட காலமாக 45ஏ என்று அழைத்தோம். சுமார் 180 கிலோ மீட்டர். இதை நான்கு வழிச் சாலையாக்கும் திட்டம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தப் பகுதியும் 100 கிலோ மீட்டரைத் தொடவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் இந்த வேலையைச் செய்யலாமா என்று வழக்கு வந்தது. அனுமதி பெறத்தான் வேண்டும் என்றது சென்னை உயர்நீதி மன்றம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு செய்தது. 2021 ஜனவரி 19-இல் உச்சநீதி மன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, இந்தத் திட்டத்துக்கு அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னது? நீதிமன்றத்தைக் குறை சொல்வதற்கு முன் சட்டத்தைப் படிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை மத்திய அரசு 2013 ஆகஸ்டில் திருத்தியது. அந்தத் திருத்தத்தின்படி, இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கும்போது, நீளம் 100 கிலோ மீட்டரைத் தாண்டினால் மட்டும் போதாது. கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலமும் பழைய தடத்தில் 40 மீட்டரை, தடம் மாறும் இடங்களிலும் புறவழிச் சாலைகளிலும் 60 மீட்டரைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் சுற்றுச்சூழல் அனுமதி என்ற பேச்சே வரும். இந்தத் திட்டம் அந்த அளவைத் தாண்டவில்லை என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை.

அதே தீர்ப்பில் மூன்று உத்தரவுகளும் உண்டு. அந்த 40, 60 மீட்டர் வரம்பை ஆணையம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். 100 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட திட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது சரியா என்று ஆராய நிபுணர் குழு அமைக்க வேண்டும். வெட்டிய மரங்களுக்கு ஈடாகச் சட்டப்படி மரம் வளர்க்க வேண்டும். இவற்றை நாம் மறந்துவிடக் கூடாது.

இப்போது அந்த 60 மீட்டரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழைய சாலையை அகலப்படுத்தினால் ஓரத்தில் இருக்கும் நிலம் போகும். தடத்தை மாற்றினாலோ, இதுவரை சாலையே இல்லாத வயலுக்கு நடுவே புதிதாக ஒரு சாலை முளைக்கும். அங்கே 60 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோ மீட்டர் நீளத்துக்கு எடுத்தால் ஆறு ஹெக்டேர். ஏறக்குறைய 15 ஏக்கர். நம் கணக்கில் இரண்டேகால் வேலி. ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் இரண்டேகால் வேலி! பழைய தடத்தைவிட அதிகக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில், சட்டம் அதிகச் சலுகை கொடுத்திருக்கிறது. அனுமதி தேவையில்லை என்றால் ஆய்வறிக்கையும் கட்டாயம் இல்லை. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில், நம் மொழியில், நாம் பேச்சைப் பதிவு செய்யும் பொது விசாரணையும் இல்லை.

சட்டம் சாலையின் அகலத்தை அளக்கிறது. அந்தச் சாலை எதைக் குறுக்கே வெட்டுகிறது என்பதை அளக்கவில்லை. அதை நாம்தான் அளந்தாக வேண்டும்.

தண்ணீர் போகும் வழி

நம் பூமி எப்படிச் சாய்ந்திருக்கிறது? மேற்கே உயரம், கிழக்கே கடல். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, அரசலாறு என்று எல்லா ஆறுகளும் கிழக்கு நோக்கித்தான் ஓடுகின்றன. பாசன வாய்க்காலும் அப்படித்தான், வடிகாலும் அப்படித்தான். சாலையோ வடக்கிலிருந்து தெற்கே போகிறது. அதாவது, சாலை மேடு முழுவதும் தண்ணீருக்குக் குறுக்கே போட்ட கரை. அந்தக் கரையில் எத்தனை கண் திறந்து வைக்கிறோமோ அத்தனை வழியாகத்தான் தண்ணீர் போகும்.

ஆற்றின்மேல் பாலம் கட்ட யாரும் மறக்கமாட்டார்கள். மறந்து போவது சின்ன வாய்க்கால்கள். வரைபடத்தில் ஒரு மயிரிழைக் கோடாகக்கூட வராத கன்னி வாய்க்கால்கள். கோடையில் அளக்க வரும் பொறியாளரின் கண்ணுக்கு அது வெறும் பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்த்தால்தான் அது இருபது வீட்டுக்காரர்களின் வயல் வடியும் ஒரே வழி என்பது தெரியும்.

2022 நவம்பர் 11-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டி மீட்டர் மழை கொட்டியது. வயலும் வீதியும் ஒன்றாயின. அந்த வெள்ளத்துக்குச் சாலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. நான் கேட்பது இதுதான்: அப்படி ஒரு மழை மறுபடியும் வந்தால், புதிய சாலையின் மேற்குப் பக்கத்தில் நிற்கும் தண்ணீர் கிழக்கே போக எத்தனை கண் இருக்கிறது? எந்த மழையைக் கணக்கில் வைத்து அந்தக் கண்களின் அகலம் தீர்மானிக்கப்பட்டது? நடவு முடிந்த இளம்பயிர் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும் என்று விவசாயிக்குத் தெரியும். தண்ணீர் இரண்டு நாளில் வடிவதற்கும் ஆறு நாளில் வடிவதற்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு இருக்கிறது.

இன்னொன்று. இவ்வளவு உயரமான மேட்டுக்கு மண் எங்கிருந்து வரும்? எந்த ஏரியில், எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவார்கள்? கடலுக்கு அருகே ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர் நிலத்தடியில் உள்ளே ஏறும் ஆபத்து உண்டு. நஷ்டஈடு நிலம் கொடுத்தவருக்குக் கிடைக்கும். கிணறு உப்பானவருக்கு யார் கொடுப்பார்?

மனிதர் போகும் வழி

தண்ணீருக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும். ஊர் ஒரு பக்கம், வயல் மறுபக்கம். வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். நம் மையவாடி அந்தப் பக்கம் போய்விட்டால் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு எந்த வழியாகக் கடப்பது? நம் இந்துச் சகோதரர்களின் சுடுகாடு போய்விட்டாலும் இதே கதிதான். நாலு வழிச் சாலையின் நடுச்சுவர் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. எல்லோரையும் ஒன்றுபோலத் தடுக்கிறது.

2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். இது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. அந்த ஆண்டு மாண்டவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அவர்களிடம் காரும் இல்லை, லாரியும் இல்லை. குறுக்கே நடந்து போகும் தேவை மட்டுமே இருந்தது.

"சுரங்கப்பாதை தருகிறோம்" என்பார்கள். நல்லது. ஆனால் அதன் தரை வயல் மட்டத்துக்குக் கீழே இருந்தால் மழைக்காலத்தில் அது குளம். வைக்கோல் ஏற்றிய டிராக்டரும், கதிர் அறுக்கும் இயந்திரமும் நுழைய முடியாத உயரத்தில் கட்டினால் அது விவசாயிக்குப் பயன்படாத பாதை. திரும்பும் இடம் இரண்டு கிலோ மீட்டர் தள்ளி இருந்தால் மோட்டார் சைக்கிள்காரர் எதிர்த்திசையில்தான் வருவார். அது அவர் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வரைபடம் போட்டவர் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டாமா?

வண்டி போகும் வழி

போக்குவரத்துக் கணக்கெடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் ஏழு நாள் உட்கார்ந்து, இரவு பகலாக வண்டிகளை எண்ணுவது வழக்கம். எந்த ஏழு நாள் என்று கேளுங்கள். அறுவடைக் காலமா? நாகூர் கந்தூரி நேரமா? ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வேளாங்கண்ணிக்கு ஆயிரக்கணக்கானோர் இந்தச் சாலையோரமாகவே நடந்து போகிறார்களே, அந்த நாட்களா? வண்டியை எண்ணினார்கள், நடந்தவரை எண்ணினார்களா?

அடுத்து, வரும் வண்டிகளில் எத்தனை நம் ஊரில் நிற்காமல் நேரே போகின்றன, எத்தனை ஊருக்குள்ளேயே வருகின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புறவழிச் சாலை முதல் வகைக்குத்தான் உதவும். கடைத்தெரு நெரிசலுக்குக் காரணம் இரண்டாவது வகை என்றால், வயலையும் இழந்து நெரிசலும் மிச்சமாகும்.

சாலை அகலமானால் நெரிசல் நிரந்தரமாகத் தீர்ந்துவிடும் என்பதும் முழு உண்மை அல்ல. இங்கிலாந்தில் அந்நாட்டு அரசின் ஆலோசனைக் குழுவே 1994-இல் இதை ஆராய்ந்து, புதிய சாலை புதிய வண்டிகளையும் வரவழைக்கக் கூடும் என்று அறிக்கை கொடுத்தது. ஆகவே, இன்றைய வண்டிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் போதாது.

நாம் செய்ய வேண்டியது

சகோதரர்களே! ஆத்திரப்பட்டுப் பயனில்லை. காலம் தவறினால் நியாயமும் பலிக்காது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாட்கள்தான் ஆட்சேபணைக்கு அவகாசம். அந்த அறிவிப்பு இரண்டு பத்திரிகைகளில் வரும். அதில் ஒன்று நம் மொழிப் பத்திரிகை. அங்கே ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும்தான் இருக்கும். "இது நம் வயல்" என்று புரிவதற்குள்ளேயே பாதி நாள் ஓடிவிடும். அதன்பின் 3டி பிரிவில் அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். பிறகு தொகையைப் பற்றி மட்டுமே பேசலாம். தடத்தைப் பற்றிப் பேச முடியாது.

சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமான திட்டத்திலும் வரிசை இதுதான். சென்னை - சேலம் எட்டு வழிச் சாலை 277 கிலோ மீட்டர். 2019 ஏப்ரல் 8-இல் உயர்நீதி மன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்சநீதி மன்றம், 3ஏ அறிவிப்புக்கு முன்னால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குவதற்கு முன் பெற்றால் போதும் என்றது. எனவே முதல் அறிவிப்பு வரும்போதே நாம் தயாராக இருக்க வேண்டும்.

அதற்கு நான்கு வேலைகளை இன்றே தொடங்குவோம். ஒன்று, பள்ளிவாசல், கோயில், மாதா கோயில், விவசாயிகள், மீனவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே குழு அமைப்போம். இது ஒரு சமுதாயத்தின் பிரச்சினை அல்ல. இரண்டு, சர்வே எண் பட்டியலை ஊர்ப் பொது இடத்தில் ஒட்டுவோம். பட்டா பெயர் மாற்றாதவர்கள், வக்ஃபு நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லிகள், கோயில் நிலக் குத்தகைதாரர்கள் உடனே ஆவணங்களைச் சரி செய்யட்டும். மூன்று, மழைக்காலத்தில் கல் நட்ட தடம் முழுவதும் நடந்து, ஒவ்வொரு வாய்க்காலையும் ஒவ்வொரு நடைபாதையையும் படம் பிடித்து, தேதி போட்டு வைப்போம். நான்கு, ஆட்சேபணையை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, நேரில் விசாரிக்கவும் கேட்போம். அது சட்டம் நமக்குத் தந்த உரிமை.

சாலை ஏற்கெனவே போடப்பட்டுவிட்ட ஊர்களிலும் இந்த வேலை முடியவில்லை. அடைபட்ட கண்களைத் திறக்கக் கேட்கலாம். நட்ட மரக்கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணலாம். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று ஆண்டுதோறும் பார்த்துப் பதிவு செய்யலாம்.

நாம் கேட்பது சாலையை நிறுத்துவது அல்ல. கிழக்கே போகும் தண்ணீருக்கு வழி விடுங்கள், குறுக்கே போகும் மனிதருக்கு வழி விடுங்கள், அதன்பின் உங்கள் வண்டி தாராளமாகத் தெற்கே போகட்டும் என்றுதான் கேட்கிறோம். இது சலுகை கேட்பது அல்ல. இந்த மண்ணில் வாழ்பவன் கேட்க வேண்டிய கேள்வி. வரும் வெள்ளிக்கிழமைக்குள் குழுவின் பெயர்ப்பட்டியல் தயாராகட்டும். முதல் மழைக்குள் நடை முடியட்டும்.