கடல் தாண்டி வரும் முகம்

(நூற்றாண்டு விழாவில் கணிதப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)





பழைய கதை பேசத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். அதை மற்றவர்கள் எங்களைவிட நன்றாகப் பேசுவார்கள். நாங்கள் பேச வந்தது, பாலமுனையில் அநேகமான வீடுகளில் இரவு வேளையில் நடக்கிற ஒரு கணக்கைப் பற்றி. வீடியோ கோலைத்தான் சொல்கிறோம்.

எங்கள் உம்மாமார் காலத்தில் குரலைக் கசெட்டில் பதிந்து, சவூதிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். பதில் வர மாதமாகும். இன்று பிறந்த பிள்ளையின் முகத்தை அதே நாளில் கட்டாரிலிருந்து வாப்பா பார்க்கிறார். வாப்பாவைத் திரையில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளைகளும் எம்மிடையே இருக்கிறார்கள். அதனால் அந்தத் திரைக்குப் பின்னால் நடப்பது நமக்குச் சின்ன விஷயமல்ல.

1990 இல் வீடியோ தொலைபேசிக்கென எச்.261 என்ற சர்வதேச நியமம் வந்தது. அதில் ஒரு படத்தின் அகலம் 352 புள்ளி, உயரம் 288 புள்ளி. வினாடிக்கு 30 படம் என்றால், நிறத்தையும் சேர்த்து வினாடிக்கு 3 கோடி 60 இலட்சம் பிட்டுகளுக்கு மேல் அனுப்ப வேண்டும். அந்நாளைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்புகள் இரண்டை ஒன்றாகச் சேர்த்தாலும் கொண்டுபோகக்கூடியது வினாடிக்கு 1 இலட்சத்து 28 ஆயிரம் பிட்டுகள்தான். ஆக 280 பங்குக்கு மேல் சுருக்க வேண்டும். இடையிடையே படங்களை விட்டுவிட்டாலும் பெரிய சுமைதான்.

சுருக்க வழி காட்டியவர் பெங்களூரில் 1940 இல் பிறந்த நசீர் அகமது. படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் கோசைன் அலைகளின் கூட்டாக எழுதினால், பெரும்பாலான எண்கள் பூச்சியத்துக்குக் கிட்ட வந்துவிடும். அவற்றை அனுப்பவே தேவையில்லை. ஆம், உயர்தர இணைந்த கணிதத்தில் நாம் வெறுத்த அதே கோசைன்தான். 1972 இல் இந்த ஆய்வுக்கு அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் அவர் உதவி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்பது மதிப்பிட்டவர்களில் ஒருவரின் கருத்து! உதவியில்லாமலே வேலையைத் தொடர்ந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் அவருடைய மாணவர் நடராஜனும், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ராவும். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. நிழற்படங்களுக்கான ஜேபெக் முதல் இன்றைய வீடியோ நியமங்கள் வரை அந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் உள்ளே இருக்கிறது.

கணக்குக் கிடைத்தது, செய்து முடிப்பது யார்? முந்திய படத்தில் இருந்த கண் இந்தப் படத்தில் எங்கே நகர்ந்திருக்கிறது என்றும் தேட வேண்டும். ஒவ்வொரு 16க்கு 16 சதுரத்தையும் நாலாபக்கமும் 15 புள்ளி வரை நகர்த்தி ஒப்பிட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 290 கோடி கழித்தல்கள் வரும். நாங்கள் இதைக் கையால் பெருக்கிப் பார்த்தோம், சரிதான். சினிமாப் படம் என்றால் இரவு முழுக்க இருந்து ஆறுதலாகச் சுருக்கலாம். வீடியோ கோலில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் முடியாவிட்டால் அடுத்த படம் வந்து வாசலில் நிற்கும்.

சாதாரணக் கணினிச் செயலிகள் அன்று இதற்குத் திணறின. பெருக்கு, கூட்டு, மறுபடி பெருக்கு என்று ஓயாமல் செய்வதற்கென்றே உருவானதுதான் டிஎஸ்பி எனப்படும் டிஜிட்டல் சமிக்ஞைச் செயலி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1982 இல் அறிமுகம் செய்த சிப் வினாடிக்கு 50 இலட்சம் கட்டளைகளைச் செய்தது. குரலுக்குப் போதும், முகத்துக்குப் போதாது. 1994 இல் அதே நிறுவனத்தின் சி80 வந்தது. ஒரே சிப்பில் நான்கு டிஎஸ்பிகள், அவற்றை மேய்க்க இன்னொரு செயலி. வினாடிக்கு 200 கோடி செயல்கள் என்றார்கள். அதற்கும் 290 கோடி கூடத்தான். ஆகவே எல்லா இடத்திலும் தேடாமல், இருக்கக்கூடிய இடத்தில் மட்டும் தேடும் குறுக்கு வழிகளைப் பொறியியலாளர்கள் எழுதினார்கள்.

எழுதினார்கள் என்ற சொல்தான் முக்கியம். டிஎஸ்பியின் வேலை செயல்நிரலில் இருக்கிறது. மருதமுனைத் தறியை நினைத்துப் பாருங்கள்: டிசைன் மாறினால் தறியை யாரும் விறகாக்குவதில்லை. எச்.261 க்கென்றே வார்த்த சிப்புக்கு, 1996 இல் எச்.263 வந்ததும், 2003 இல் எச்.264 வந்ததும் ஒன்றும் விளங்காது. நிரலை மாற்றக்கூடிய சிப்போ, வேகம் போதுமானால், புதியதைப் படித்துக்கொள்ளும். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே வேலைக்கென வார்த்த சிப்பைவிட இது மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்னும். அதனால் இன்றைய கைத்தொலைபேசிகளில் சுருக்கும் வேலையைப் பெரும்பாலும் அதற்கென வார்த்த பகுதி பார்க்கிறது. பக்கத்திலேயே டிஎஸ்பி இருந்து ஒலியைத் துப்பரவாக்குவது, படத்தைத் திருத்துவது போன்ற மாறிக்கொண்டே இருக்கும் வேலைகளைச் செய்கிறது. இந்தப் பங்கீடு நியாயமானது என்றே நினைக்கிறோம்.

இங்கே இருக்கும் உம்மாமாருக்கு ஒரு விஷயம். லைன் மெலிந்தால் முகம் சதுரம் சதுரமாக உடைகிறதல்லவா? நாங்கள் சொன்ன அந்தச் சதுரங்கள்தான் அவை. இருட்டறையில் இருந்து பேசினால் கமரா பொரி பொரியாக ஏதோ காட்டும். அது படத்துக்குப் படம் மாறுவதால் பிட்டுகள் அதற்கே செலவாகி முகத்துக்கு மிஞ்சாது. வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், போனை ஆட்டாமல் எங்கேயாவது சாய்த்து வைத்துப் பேசுங்கள். மெலிந்த லைனிலும் முகம் தெளியும்.

உயர்தர வகுப்புத் தங்கச்சிமாருக்காக வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். எட்டு எண்களைக் கோசைனால் மாற்றும் கணக்கு அதில் இருக்கிறது. எட்டும் 100 என்று போட்டுத் தொடங்குங்கள். முதல் இடத்தில் மட்டும் பெறுமானம் வரும், மற்ற ஏழும் பூச்சியம். வெள்ளைச் சுவர் அப்படித்தான் சுருங்குகிறது. பிறகு உங்கள் விருப்பப்படி எண்களை மாற்றிப் பாருங்கள். தேநீர் முடியும்வரை நாங்கள் அந்த மேசையடியில்தான் இருப்போம்.