பால் பல்லுதானேன்னு விட்டுடாதீங்க

நான் நெட்டுக்குப்பம் குழு உறுப்பினர். பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மேடையில் பேசுறது இதுதான் முதல் தடவை. சேமிப்பு, கடன் பத்திப் பேச நிறைய பேர் இருக்கீங்க. கைப்பிள்ளைங்க பல்லைப் பத்தி நான் பேசுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

போன வருஷம் எங்க குழுவில் ஒரு தங்கச்சி மூணு வயசுப் பிள்ளைக்குப் பல் வைத்தியம் பார்க்கக் கடன் கேட்டா. "விழப்போற பல்லுக்குப் போய் கடனா?"ன்னு ரெண்டு பேர் சிரிச்சாங்க. அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் வலியில அழுவுது. சோறு மெல்ல முடியல. பால்வாடியில் எடை போட்டா ஏறவே இல்லை. பேசி முடிச்சுக் கடன் கொடுத்தோம். அப்புறமும் அந்தச் சிரிப்பு என் மனசுல நின்னுபோச்சு.

பால் பல் மொத்தம் இருபது. முன்பல்லுதான் ஆறு ஏழு வயசுல விழும். கடவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்கணும். ரெண்டு வயசுல சொத்தையானா மீதி வருஷமெல்லாம் பிள்ளை எதை வெச்சு மெல்லும்? சீழ் வெச்சா அடியில வளர்ற நிலைப்பல்லும் கெட்டுப்போகலாம். சீக்கிரமே பிடுங்கிட்டா பக்கத்துப் பல் சாய்ஞ்சு, புதுப்பல் கோணலா வரும்.

பூச்சி அரிக்குதுன்னு நம்ம ஆயாங்க சொல்லுவாங்க. பூச்சி எதுவும் இல்லை. வாயில இருக்கிற கிருமி சர்க்கரையைத் தின்னு புளிப்பு உண்டாக்குது. அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்குது. பகல்ல எச்சில் ஊறி அதைக் கழுவிடும். தூக்கத்துல எச்சில் குறைஞ்சிடும்.

இப்ப நம்ம வூட்டைப் பாருங்க. விடியறதுக்குள்ள காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகணும். பிள்ளை அழுவாம இருக்க ஆயா சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில ஊத்தி வாயில வெச்சுடும். பிள்ளை சப்பிக்கிட்டே தூங்கிடும். பால் மேல் முன்பல்லுல தேங்கி நிக்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கும். அதனாலதான் மேல் நாலு பல் முதல்ல போகுது. ஆயாவைக் குறை சொல்லி என்ன பண்றது, அவங்களும் தூங்கணுமே. புட்டி வேணும்னா அதுல தண்ணி ஊத்திக் கொடுக்கச் சொல்லுங்க. பாலை டம்ளர்ல, சர்க்கரை இல்லாம, முழிச்சிருக்கும்போது கொடுக்கலாம். பால் புட்டிக்கு விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு 1992-லயே சட்டம் வந்திருக்கு. நிப்பிளைத் தேன்ல தோய்ச்சுக் கொடுக்கறதும் வேணாம். ஒரு வயசுக்குள்ள தேனே ஆகாது.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்றேன்னு யாரும் நினைச்சுடாதீங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சோறோட சேர்த்து ரெண்டு வயசுக்கு மேலயும் கொடுக்கலாம். பல் வந்த பிறகு, தூங்கறதுக்கு முன்னாடி ஈரத்துணியால பல்லைத் துடைச்சு விடுங்க, அவ்வளவுதான்.

அஞ்சு ரூபா பிஸ்கட்டை ஒரே தடவையில தின்னு முடிச்சா பாதிப்பு குறைவு. கையில வெச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நக்கினா, பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. டீயில தோய்ச்ச பொறையும் அப்படித்தான், பல் இடுக்குல ஒட்டிக்கும். நம்ம எண்ணூர் பக்கம் சளி, இருமல்னு மாசம் ஒரு சிரப் வாங்குறோம். அதுலயும் இனிப்பு இருக்கு. மருந்தை நிறுத்தாதீங்க, கொடுத்ததும் தண்ணி குடிக்க வைங்க. இரும்புச் சத்து சிரப்னால பல் கறுத்தா அது வெறும் கறை, சொத்தை இல்லை. சந்தேகம்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

இன்னொண்ணு, நம்ம வாய்க் கிருமி நம்ம ஸ்பூன் வழியா பிள்ளைக்குப் போகும். நமக்குச் சொத்தை இருந்தா முதல்ல அதைப் பார்க்கணும். பொம்பளைங்க நாம எங்க பார்க்கிறோம், கிராம்பை வெச்சுக்கிட்டு ஏலத்துல நிப்போம்.

முதல் பல் வந்த நாள்லயிருந்து காலையும் ராத்திரியும் சின்ன பிரஷ்ல, ஃப்ளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். மூணு வயசுக்கு மேல பட்டாணி அளவு. நாமதான் தேய்ச்சு விடணும். வாரம் ஒரு தடவை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு ஓரமா சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிஞ்சா அதுதான் ஆரம்பம். அந்த நிலையில நிறுத்திடலாம். பழுப்பாகி குழி விழுந்தா வைத்தியம்தான். கோட்டை ரயில் நிலையம் பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, குழந்தைங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கு. 2013-ல ஆரம்பிச்ச தேசிய குழந்தைகள் நலத் திட்டப்படி பால்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை டாக்டர் குழு வரணும். அவங்க பல்லையும் பார்ப்பாங்க. வர்ற தேதியை டீச்சர்கிட்ட கேட்டு வெச்சுக்குங்க.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு மூணு வயசுக்குள்ள பிள்ளை இருக்கிறவங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வாங்க. டார்ச் லைட் நான் கொண்டு வரேன். உதட்டைத் தூக்கி எப்படிப் பார்க்கறதுன்னு காட்டுறேன்.