அளந்து பார்த்தால்தானே தெரியும்!

(தலைப்பு: தண்ணீர்ப் பிரச்சினை தீர உடனடித் தேவை கூடுதல் அணைகளா? சரியான கணக்கா?)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன், 'அணை கட்டு, அணை கட்டு' என்று முழங்கிவிட்டுப் போனார். அண்ணே, இன்னொரு அரிசி டிரம் வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிற டிரம்முல எத்தனை படி கிடக்குன்னு அண்ணி கை விட்டுப் பார்ப்பாங்களா, மாட்டாங்களா? (சிரிப்பு)

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிச்சது. 120 அடி, 93.47 டி.எம்.சி. தஞ்சாவூர் விவசாயி பேப்பரைப் பிரித்ததும் தேடுவது அந்த நீர்மட்டத்தைத்தான். ஆனா ஆற்றோடு வந்த வண்டல் அடியில் தங்கிக்கிட்டே இருக்கே! மேலே அடி சரியா இருக்கும், உள்ளே தண்ணி குறையும். அடித்தரையை அப்பப்ப அளந்து கணக்கைத் திருத்தினாத்தான் அந்த ஒரு வரிச் செய்திக்கே அர்த்தம்.

காவிரிக்காக எத்தனை வருஷம் கோர்ட்டு ஏறினோம்! 2018-ல் சுப்ரீம் கோர்ட் நமக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. அதை எங்கே அளப்பது? பிலிகுண்டுலுவில். அளப்பது யார்? கர்நாடகமும் இல்லை, நாமும் இல்லை. மத்திய நீர் ஆணையம். ஆற்றின் அகலம், ஆழம், ஓட்டத்தின் வேகம், மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். சண்டை தீரலை, ஒத்துக்கறேன். ஆனா 'கொடுத்தேன்', 'வரலை'ன்னு வெறும் வாயால பேச முடியாதே! (கைதட்டல்)

இந்த நாட்டில் யாருமே முயற்சி பண்ணலைன்னு நான் சொல்லலை. 1995-ல் உலக வங்கி உதவியோடு நீரியல் திட்டம் ஆரம்பிச்சாங்க, தமிழ்நாடும் அதில் உண்டு. 2016-ல் அது தேசிய நீரியல் திட்டமாக விரிந்தது. தானியங்கி மழைமானி, ஆற்றின் உயரம் பார்க்கிற ராடார், எல்லாம் வந்தது. என் கேள்வி, அந்தத் தகவல் வீடு வந்து சேர்ந்ததா?

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். கன அடின்னா என்னன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 12,000 லிட்டர் தண்ணி லாரி, விநாடிக்கு 68 லாரி! அடையாறு ஓரம் தரைத்தளத்தில் தூங்கிய தாய்க்கு 29,000 எதுக்கு? 'உன் தெருவுல இத்தனை மணிக்கு இத்தனை அடி ஏறும், பிள்ளையைத் தூக்கிட்டு மாடிக்குப் போ'ன்னு சொல்லணும். வெள்ளத்தைக் கணிக்கிற சி-ஃப்ளோஸ் என்ற முறை சென்னைக்கு வந்தது 2019-ல். அண்ணே, அன்னைக்கு ஏரி இருந்தது. இல்லாம போனது எது? (நீண்ட கைதட்டல்)

அதே 2019 கோடையில் அந்த ஏரி வறண்டுபோச்சு. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு போர் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அடியில தண்ணி பார்த்தாருன்னு நான் கேட்கலை, அவரும் சொல்லலை. இப்ப மாசம் ஒருதரம், தெருக்கோடி பொதுக்கிணற்றுல கயிறு விட்டு அளந்து நோட்டுல எழுதுறோம். எழுதுறது எங்க வீட்டம்மாதான். நான் எழுதினா ரெண்டு அடி கூட்டி எழுதிடுவேனாம். (சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே.