வில்வமா, மாவிலங்கமா?



கணினிவழி இலைகளை இனங்காணும் ஆய்வுக்கு ஒரு கருத்தரங்கு, அதுவும் திருவண்ணாமலையில் என்றபோது மனம் நிறைந்தது. அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக மரங்கள். மாவட்டத்துக்குள்ளேயே ஜவ்வாது மலை. இலைக்கு இங்கே பஞ்சமில்லை.

நம்மில் பலர் பயிற்சி தொடங்கியது ஃப்ளாவியா என்னும் இலைப்படத் தொகுப்பில். 2007இல் சீனாவிலிருந்து வெளிவந்தது. 32 இனங்கள், 1,907 படங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒற்றை இலையை வைத்து, நீளம், அகலம், பரப்பு, சுற்றளவு அளந்து, நரம்புகளைப் பிரித்தெடுத்து, 12 பண்புகளாக்கினார்கள். பரப்பை 4π ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் வட்டத்துக்கு 1 வரும். ஆலிலை அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். அரளி இலை வெகுதூரம் இறங்கிவிடும். எளிய கணக்கு, அழகான கணக்கு.

அந்தக் கணக்கிடம் வில்வத்தைக் கொடுங்கள். மூன்று சிற்றிலை சேர்ந்த ஓர் இலை. மாவிலங்கத்துக்கும் அப்படியே மூன்று. வெளிக்கோட்டை மட்டும் அளந்தால் இரண்டும் எளிதில் குழம்பும். உற்றுப் பார்த்தால் வில்வத்தின் நடுச் சிற்றிலை தனிக்காம்பில் தள்ளி நிற்கும். மாவிலங்கத்தில் மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து கிளைக்கும். வில்வம் எலுமிச்சைக் குடும்பம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். மாவிலங்கத்தில் அவை கிடையா. கோயில் வாசலில் வில்வம் விற்கும் அம்மா கசக்கி முகர்ந்தே சொல்லிவிடுவார். கேமராவால் முகர முடியாது. ஆனால் இலைக்குப் பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் அந்தப் புள்ளிகளை அது பார்க்கும். இந்த யோசனை நிரலில் பிறக்காது. படமெடுக்கும் முன்பே தாவரவியலாரை அருகில் அமர்த்திக்கொண்டால் பிறக்கும்.

கீழாநெல்லியும் அப்படித்தான். மேலிருந்து மட்டும் எடுத்த படத்தில், இலைவரிசைக்கு அடியில் தொங்கும் காய்கள் விழாது. மஞ்சள் காமாலைக்குத் தேடும் மூலிகை அது; தென்னிந்தியச் சந்தைச் சரக்கில் அதன் உறவு இனங்கள் கலந்திருப்பதை மரபணு ஆய்வே காட்டியிருக்கிறது.

இனி ஒரு வேண்டுகோள். 2016இல் பிளான்ட்வில்லேஜ் தொகுப்பின் 54,306 படங்களைக் கொண்டு பயிர்நோய்களை அறியும் ஆய்வு வெளியானது. அதே தொகுப்பில் சோதித்தபோது துல்லியம் 99.35 விழுக்காடு. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது சுமார் 31. இதை மறைக்காமல் எழுதிய அந்த ஆய்வாளர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு. இன்று இங்கே 98, 99 என்று சொல்லப்போகிறவர்கள், பயிற்சி இலையும் சோதனை இலையும் ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்தவையா என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மரமென்றால் உங்கள் நிரல் அந்த மரத்தைக் கற்றிருக்கிறது. இனத்தைக் கற்றதா என்று இன்னும் தெரியாது.

கார்த்திகையில் அண்ணாமலைச் சரிவில் இருக்கும் இலை வேறு; சித்திரையில் புழுதி படிந்து சுருண்ட இலை வேறு. நாற்றின் இலை முதிர்ந்த மரத்தின் இலையாக இருக்காது. மலையில் நாட்டு மரங்களை நட்டுவரும் ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகளுக்கு நாற்றை அறியும் கருவிதான் முதலில் உதவும்.

அருட்தந்தை மேத்யூ திருச்சி ரபினாட் உலர்தாவரகத்தில் சேர்த்த மாதிரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எடுத்த இடம், தேதி, எடுத்தவர் என அனைத்தும் தாளிலேயே இருக்கும். நம் படங்களுக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் ஒரு செடிக்குப் பெயர் சொன்னால், அவர்கள் சம்மதத்தோடு, சொன்னவர் பெயரும் பதிவில் இடம்பெற வேண்டும்.

மாலை அமர்வு முடியுமுன், எல்லாத் துறைகளும் ஏற்கும் படப்பதிவுப் படிவம் ஒன்றை நாம் முடிவு செய்துவிட வேண்டும். அதில் ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.