வண்டிதான் வீடு என்றால், எந்த சிம்?
(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் நகரிலிருந்து பன்னிரண்டு பேர் பொங்கல் கழித்து இருபத்து நான்கு நாள் பயணம் போவதென்று முடிவாகி இருக்கிறது. வாடகைக்கு ஒரு கேரவன், கூடவே ஒரு டெம்போ டிராவலர். கேரவன் என்றாலே நமக்கு சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். கேரள அரசு 2021-இலேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் அறிவித்துவிட்டது. படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் வண்டியிலேயே இருப்பதால், முட்டி வலிக்காரர்களும் நீண்ட பயணம் போக முடிகிறது. ராமேசுவரம், கன்னியாகுமரி, கேரளக் கரை, முதுமலை, மைசூரு என்று சுற்றி வரப் போகிறார்கள்.

இதில் செல்போனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மூன்று வேலை இருக்கிறது. போகிறவர்களில் ஒரு சகோதரி வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு பார்க்கிறார். தினமும் காலை பத்து மணிக்கு வீடியோ கூட்டத்தில் அவர் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு. இன்னொருவர் இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர். தினமும் இரவு பேச முடியும் என்றால்தான் போக விடுவேன் என்று அவர் மகள் சொல்லிவிட்டார். மூன்றாவது, பணம். டீசல், சுங்கம், சாப்பாடு என்று இன்று பாதிச் செலவு போன் வழியாகத்தான் நடக்கிறது. ஆகவே இந்தப் பயணம் நடக்குமா நடக்காதா என்பதே ஒரு வகையில் சிம் கார்டில் இருக்கிறது. எது நல்ல சிம் என்று சொல்லச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உட்கார முடியாது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன்.

முதலில் எல்லை விஷயம். நம் பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. கொஞ்சம் வடக்கே போனால் காலாப்பட்டு, அது புதுச்சேரி. இன்னும் வடக்கே போனால் மறுபடியும் தமிழ்நாடு. வண்டிக்கும் மதுக்கடைக்கும் இந்த எல்லை உண்டு, சிம்முக்குக் கிடையாது. தொலைத்தொடர்புக்காக நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் சென்னை, புதுச்சேரி எல்லாம் சேர்ந்து தமிழ்நாடு ஒரே வட்டம். கேரளா வேறு, கர்நாடகா வேறு. முன்பு வட்டம் தாண்டினால் ரோமிங் கட்டணம் பிடித்தார்கள். இப்போது நம் வழக்கமான பிளானே மற்ற மாநிலங்களிலும் அப்படியே செல்லும். ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜம்மு காஷ்மீருக்கும் லடாக்குக்கும் போகிறவர்களுக்கு நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். அமர்நாத் போகும் எண்ணமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பிரச்சினை கட்டணத்தில் இல்லை, டவரில்தான் இருக்கிறது. ஏன் ஓரிடத்தில் ஒரு நிறுவனம் எடுக்கிறது, மற்றது எடுப்பதில்லை? ஒவ்வொரு நிறுவனமும் சில அலைவரிசைகளை ஏலத்தில் வாங்கி வைத்திருக்கிறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2300, 3500 போன்ற உயர்ந்தவை அதிக வேகம் தரும். ஆனால் தூரம் போகாது. 3500-இல் வரும் 5ஜி ஊருக்குள் பறக்கும், ஊர் தாண்டினால் போன் 4ஜிக்கு இறங்கிவிடும். நம் மரக்காணம் பக்கம் உப்பளம் கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. மறைப்பு இல்லாததால் தூரத்து டவரும் எடுக்கும். அதை வைத்து, என் சிம் எங்கும் எடுக்கும் என்று நினைக்கக் கூடாது. மலை வளைவில் ஒரு பாறை குறுக்கே நின்றால் போதும், கோடு மறைந்துவிடும். வண்டிக்குள் உட்கார்ந்தாலும் அப்படித்தான். கேரவன் ஒரு தகரப் பெட்டி. அதன் நடுவில் இருப்பதைவிடக் கண்ணாடி ஜன்னலோரம் சிக்னல் நன்றாக இருக்கும். ஹாட்ஸ்பாட் போடும் போனை ஜன்னலோரம் வையுங்கள்.

இப்போது நிறுவனங்கள். நம் நாட்டில் ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். என்று நான்குதான் பெரியவை. ஜியோ 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜியோடுதான் வந்தது. அதற்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி இல்லாத பழைய போனில் ஜியோ போட்டால் சாதாரணமாகப் பேச முடியாது. ஏர்டெல், வி இரண்டுக்கும் 2ஜி இன்னும் இருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது முக்கியம். பி.எஸ்.என்.எல். உள்நாட்டிலேயே செய்த கருவிகளைக் கொண்டு 4ஜி சேவையை நாடு முழுவதும் 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கியது. அது 700, 2100 அலைவரிசைகளில் வருகிறது. உங்கள் போன் பழையதென்றால் 700 அலைவரிசை, அதாவது 28-ஆம் பேண்டு, இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சிம் வாங்கிவிட்டு, எடுக்கவில்லை என்று நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை.

என் முதல் யோசனை இதுதான். ஒரே சிம்மை நம்பாதீர்கள். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு நிறுவனத்து சிம்மாவது இருக்கட்டும். அமெரிக்காவில் ஆர்.வி. என்ற வீட்டு வண்டியிலேயே வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கும் வெரைசான், ஏ.டி. அண்டு டி., டி-மொபைல் என்று மூன்று பெரிய நிறுவனங்கள். அந்த மூன்றில் இரண்டையாவது கையில் வைத்துக்கொள்வது அவர்களில் பலருடைய வழக்கம். நம்மிடம் இரண்டு சிம் போடும் போன் ஏற்கெனவே இருக்கிறது. பன்னிரண்டு பேரும் ஒரே நிறுவனத்தில் இருந்தால், அந்த டவர் இல்லாத இடத்தில் பன்னிரண்டு போனும் ஒன்றுபோல ஊமையாகிவிடும். ஆளுக்கொரு பிளான் போடும்போதே பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்த இரண்டு? விளம்பரத்தைப் பார்க்காமல் பாதையைப் பாருங்கள். எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பது இப்போது டிராய் விதி. ஒரு தாளை எடுத்து, இரவு தங்கும் இடங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு, வரைபடத்தைப் பார்த்து டிக் அடியுங்கள். ஓடும்போது அரை மணி நேரம் சிக்னல் இல்லாவிட்டால் குடி முழுகாது. காலை பத்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதிக டிக் வாங்கியது முதல் சிம். முதல் சிம் விட்ட இடங்களை எது நிரப்புகிறதோ அது இரண்டாவது. இரண்டாவது சிம்முக்கு மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அந்தந்த ஊரில் தங்கும் இடத்துக்காரரிடம் போன் செய்து, “உங்கள் வாசலில் எது எடுக்கும்?” என்று கேளுங்கள். வரைபடத்தைவிட அவர் வாக்கு பெரிது.

நம் பாதையில் இரண்டு இடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னார் கடல் வழியே சுமார் 30 கிலோமீட்டர்தான். சில சமயம் நம் போன் அந்தக் கரை டவரைப் பிடித்து, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தி காட்டும். இரு நாட்டு நேரமும் ஒன்று என்பதால் கடிகாரத்தைப் பார்த்தும் தெரியாது. சர்வதேச ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள். இல்லையேல் பில் வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று முதுமலை, பந்திப்பூர் காடு. பந்திப்பூர் வழியாக இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனம் போக 2009 முதல் தடை. மாலை தாமதமானால் சோதனைச் சாவடியிலேயே இரவு கழியும். காட்டுக்குள் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். அன்று மட்டும் காட்டுக்குள் நுழையும் முன்பே பிள்ளைகளுக்குப் பேசி, “இனி காலையில்தான் கூப்பிடுவோம்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுக் காணாமல் போனால் யாரும் பதற மாட்டார்கள். வரைபடத்தையும் வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலும் வழி காட்டும். போனில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று வந்தால் வேறு நிறுவனத்தின் டவர் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஆபத்தென்றால் 112-ஐ அழைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, எவ்வளவு டேட்டா? இதையும் வரவு செலவு மாதிரி எழுதிப் பார்க்கலாம். வாட்சப்பில் பேசுவதற்கு மணிக்கு முப்பது எம்.பி. அளவில் போதும். அலுவலக வீடியோ கூட்டம் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜி.பி. இழுக்கும். சீரியலை நடுத்தரத் தெளிவில் பார்த்தால் மணிக்கு அரை ஜி.பி.; உயர் தெளிவில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. தினம் ஒன்றரை ஜி.பி. பிளான் உள்ளவர், காலையில் அரை மணி ஏதோ பார்த்துவிட்டுப் பிறகு சகோதரிக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தால், கூட்டம் முடியும்போது அவர் கணக்கும் முடிந்திருக்கும். அளவு தீர்ந்தபின் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகும். ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலும் 29 எம்.பி.தான் வரும். எழுத்துச் செய்தி போகும், முகம் தெரியாது. ஆகவே வேலைக்கென்று இருக்கும் சிம்மை மற்றவர்கள் தொடக் கூடாது. அதற்கு நாள் கணக்கு பிளானைவிட, மாதத்துக்கு மொத்தமாக டேட்டா தரும் பிளான் பொருத்தம். ‘அளவில்லா 5ஜி’ என்பதை நம்பிக் குறைந்த டேட்டா போடாதீர்கள். 5ஜி எடுக்கும் இடத்தில்தான் அளவில்லை. 4ஜிக்கு இறங்கியதும் தினக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

இணையமே வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்கும் வழி உண்டு. டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் தரும் ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது சிம்முக்கு இது சிக்கனம்.

நான்காவது, நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வங்கிக் கணக்கோடு இணைத்த எண்ணைப் பயணத்துக்காக மாற்றாதீர்கள். ஓ.டி.பி., யு.பி.ஐ., ஃபாஸ்டேக் எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கின்றன. அந்த எண்ணைப் போனில் முதல் சிம்மாக வைத்து, புதிய நிறுவனத்தை இரண்டாவது சிம்மாகப் போடுங்கள். எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்ற விரும்பினால், ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம் விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். வரும் குறியீடு நமக்கு நான்கு நாள்தான் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாள் ஆகும். ஆகவே கிளம்பும் வாரத்தில் இதைத் தொடாதீர்கள்; ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

வழியில் போன் தொலைந்தால் அதே எண்ணில் புது சிம் வாங்கலாம். ஆனால் மோசடியைத் தடுக்க, முதல் 24 மணி நேரம் அதில் எஸ்.எம்.எஸ். வராது. அன்று ஓ.டி.பி. இல்லை, பணம் நகராது. எனவே ஒரு வண்டியில் இரண்டு பேர் கணக்கிலாவது செலவுக்குப் பணம் இருக்க வேண்டும், கையில் ரொக்கமும் வேண்டும். தொலைந்த போனை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் முடக்கலாம். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். பணம் மோசடி போனால் உடனே 1930. ஓட்டல் வைஃபையில் வங்கி வேலை வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் சாட்டிலைட் போன் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார்கள். வேண்டாம். அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் பார்த்தோம். மின்சாரம் போனால் டவர் பேட்டரியிலும் டீசலிலும்தான் ஓடும். அதுவும் தீர்ந்தால் எந்த நிறுவனமானாலும் ஒன்றுதான். நல்ல பவர் பேங்க் வண்டிக்கு இரண்டு வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பயணம் போகும் பன்னிரண்டு பேரும் போனோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். யாரிடம் எந்த சிம், எந்தப் போனில் எந்தப் பேண்டு என்று ஒரே தாளில் எழுதுவோம். அதை வைத்து யார் எந்த வண்டி என்று பிரிப்போம். அந்தத் தாளின் ஒரு நகல் பயணம் போகும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கட்டும். எந்த நாள் எந்த ஊர், எந்த எண்ணில் கிடைப்பார்கள், எந்த இரவு கிடைக்க மாட்டார்கள் என்று அதில் இருக்கும். மகள் கேட்டது அதுதானே. எல்லா இடத்திலும் சிக்னல் இருக்கும் என்று அவரிடம் நம்மால் சொல்ல முடியாது. எங்கே இருக்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.