ஒரு சொல்லைத் திருத்த ஏட்டையே மாற்றுவதா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் 'நன்றாகப் படியுங்கள்' என்று சொல்வதுதான் வழக்கம். அதைத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நான் திருத்துவதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். வருடம் முழுவதும் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறவன் வேறு எதைப் பேசுவான்?

நம் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் அரித்து வருவது உங்களுக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, ஜனங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் போய்விட்ட பிறகு, இங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்த ஏடுகள்தான். ஆகவே ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, அவற்றை இணையத்தில் ஒரே ஆவணமாகத் தட்டெழுதி வைத்தோம்.

அதில் ஒரு பிழை. 1982ஆம் ஆண்டில் தெலுக் அன்சன் நகரத்திற்குத் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது. அதற்குப் பிறகு பிறந்த ஒரு மாணவரின் வரியில் நான் பழைய பெயரைத் தட்டிவிட்டேன். செயற்கை நுண்ணறிவுத் துணைவனிடம், "இதைத் தெலுக் இந்தான் என்று மாற்று" என்றேன். ஒரு நிமிடத்தில் 'முடிந்தது' என்றது. எனக்கும் சந்தோஷம்தான். சரிபார்க்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு பாட்டி பேரனோடு வந்தார். இங்கேயே பிறந்து, 1956இல் இந்தப் பள்ளியில் சேர்ந்தவர். இன்றும் கையில் சிவப்பு அடையாள அட்டைதான். பிறப்புப் பத்திரம் கிடையாது. நீல அட்டைக்கு மனுப் போட, பள்ளிப் பதிவு ஓர் ஆதாரமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பெருமையோடு ஆவணத்தைத் திறந்து அவர் வரியை அச்செடுத்துக் கொடுத்தேன். பேரன் வாய்விட்டுப் படித்தான்.

"என்ன வாத்தியாரே, தெலுக் இந்தான்னு போட்டிருக்கு? எங்கம்மா அன்சன் ஆஸ்பத்திரின்னுதானே சொல்லுவாங்க" என்றார் பாட்டி.

எனக்குத் திக்கென்றது. ஒரு வரியை மாற்றச் சொன்னால், அந்தத் துணைவன் ஆவணம் முழுவதையும் புதிதாக எழுதி, எல்லா வரிகளிலும் பெயரை மாற்றியிருந்தது! 1956ஆம் ஆண்டுப் பதிவில் 1982இல் வந்த பெயர் இருந்தால், வாங்கிப் பார்க்கிற அதிகாரி என்ன நினைப்பார்? 'இது பிறகு இட்டுக்கட்டியது' என்றுதானே? மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிட்டது. நல்ல வேளையாக, பாட்டியின் பக்கம் கரையானுக்குத் தப்பியிருந்தது. அதையே நகலெடுத்துக் கொடுத்தோம்.

அதன் பிறகுதான் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். செயற்கை நுண்ணறிவு நகலெடுக்கும் இயந்திரம் அன்று. 'மறுபடி எழுது' என்றால் ஒவ்வொரு சொல்லையும் புதிதாக உண்டாக்குகிறது. அப்போது பழைய சொல் நழுவக்கூடும். ஆகையால், வேண்டிய பகுதியை மட்டும் திருத்தும் கருவிகளை இப்போது அதன் கையில் கொடுக்கிறார்கள். 'இந்தப் பழைய வாசகம், இதற்குப் பதில் இந்தப் புதிய வாசகம்' என்று அது கேட்க வேண்டும். பழைய வாசகம் அப்படியே இருந்தால்தான் கருவி மாற்றும். இரண்டு இடத்தில் இருந்தால், நல்ல கருவி 'எந்த இடம்?' என்று கேட்டு நின்றுவிடும். அந்த ஒரு கேள்வி அன்று எழுந்திருந்தால் பாட்டியின் வரி தப்பியிருக்கும்.

இன்னொரு முறை, இடத்தை எண்ணிச் சொல்வது. கூகுள் டாக்ஸ் ஆவணத்தை நிரல் வழியாகத் திருத்தும்போது இப்படித்தான். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். 'தோட்டம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நான்கு என்பீர்கள். சரிதான். ஆனால் கணினி ஏழு என்று எண்ணும். எழுத்தோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. மேலும், மேலே ஒரு சொல்லைச் சேர்த்தால் கீழே உள்ள எண்களெல்லாம் தள்ளிப்போகும். அதனால் பல திருத்தம் இருந்தால் கடைசியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதா? இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து, மாறுபட்ட சொற்களைப் பாடபேதம் என்று குறித்து வைத்தார். தனக்குச் சரியென்று பட்டதை மட்டும் வைத்து, மற்றதை மறைத்துவிடவில்லை. இன்று தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஒரு பகுதியை மட்டும் திறந்து தொகுக்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும்.

ஏன், நம் பாட்டன் பாட்டிகளைக் கேளுங்கள். 1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்ட நாள் தொட்டு, இந்தப் பேராக் மண்ணில் எத்தனை தலைமுறை மரம் சீவியிருக்கிறது! பட்டையை மெல்லிசாகச் சீவினால் பால் வரும். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும். அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காகச் சீவ முடியாது. பால் எடுக்க மரத்தையே வெட்டினவர் உண்டா?

மாணவர்களே! கருவி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அன்று சரிபாராமல் விட்டவன் நான்தான். ஆகையால் மூன்று செய்யுங்கள். எதைத் திருத்த வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள். திருத்திய பிறகு பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய பிரதியை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

எங்கள் ஆவணத்தின் பழைய பதிப்பை மீட்டுவிட்டோம். இப்போது ஒவ்வொரு வரியையும் மூல ஏட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். சனிக்கிழமை காலையில் உதவ வரும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு என் நன்றி. பாட்டியின் மனு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அவர் வரியில் 'தெலுக் அன்சன்' என்றுதான் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்.